ஆவணியில் எல்லாம் மேட்டுக்காணி

சுகிர்தா,
கிளிநொச்சியில் காணி பார்க்க ஆவணியில் வராதே.
ஆவணியில் எல்லாக் காணியும் மேட்டுக்காணி.
தரகர் கதிரமலை குடையை விரித்தபடி
"தண்ணி ஏறாது தங்கச்சி" என்பார்.
பொய்யில்லை,
அவர் சொல்லும் மாதத்தில் அது உண்மை.

கார்த்திகைக் கடைசியில்
இரணைமடு வான் பாய்கிற கிழமை வா,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.
பக்கத்து வளவுச் சுவரில் பழைய சேற்றுக்கோடு
எந்தக் கல்லில் நிற்கிறதென்று பார்.
நான் பார்க்கவில்லை.
முதல் மாரியில் என் அத்திவாரக் கிடங்கில்
வாத்து நீந்தியது.
அதுவும் என் வாத்தில்லை.

"உறுதி இருக்கு" என்பார்கள்.
கையில் வாங்கி வாசி.
இங்கே பாதிப்பேர் உறுதி என்பது பெர்மிட்டை.
அதை விற்கப் பிரதேச செயலகம் தலையாட்ட வேண்டும்.
பின்னுரித்தாளர் என்று எழுதிய பிள்ளை
பாரிசில் இருந்தாலும்
எங்கே என்று தெரியாமலே இருந்தாலும்
பெயர் பெயர்தான்.
காட்டோரக் காணியென்றால்
மிதிவெடி எடுத்த கடதாசியைக் கேள்.
என்ன வெட்கம்?
மாப்பிள்ளைக்குச் சாதகம் கேட்கிறோம்தானே.

வாடகைக் கதைக்கு வருகிறேன்.
எனக்குப் பின்பக்கம் நாலு அறை, தனிவாசல்.
முதல் வந்தவன் லீசிங் கொம்பனிப் பெடியன்.
நெற்றி நிறையத் திருநீறு,
அட்வான்ஸ் கேட்க எனக்கு வாய் வரவில்லை.
போகும்போது மூன்று மாதக் கரண்ட் பில்லும்
ஒரு கறுத்த நாய்க்குட்டியும் மிச்சம்.
நாய் வளவு காக்கிறது, கணக்குச் சரி
என்கிறார் வீட்டுக்காரர்.
சரியில்லை. பதினாலாயிரத்து முந்நூறு.

அறைக்கு அறை மீட்டர் போடு.
பன்னிரண்டு மாதத்தைப் பத்தாக எண்ணு:
ஒரு மாதம் அறை சும்மா கிடக்கும்,
ஒரு மாதத்தைத் தண்ணி மோட்டர் தின்னும்.
அது பொங்கலுக்கு முதல்நாள்தான் எரியும்.

வாங்க முன்னம் கிணற்றை இறைத்துப் பார்.
நான் வாங்கிய பிறகுதான் இறைத்தேன்.
நல்ல ஊற்று.
அடிச்சேற்றில் உரப்பையால் சுற்றி
நைலோன் கயிற்றால் வரிந்து கட்டி
ஒரு தையல் மெசின் தலை.
ஓடுகிற அவசரத்திலும்
யாரோ முடிச்சை நேர்த்தியாகப் போட்டிருந்தார்கள்.

என் உறுதியில் "கிணறு, வான்பயிர், தான்பயிர்
சகலதும் உட்பட" என்றிருக்கிறது.
கிணறு உங்களதென்றால் உள்ளே கிடப்பதும் உங்களது
என்றார் நொத்தாரிசு, காசு வாங்காமல்.

விற்றவள் பெயர் அருந்தவம்.
அற்றோணித் தத்துவத்தில் தம்பிதான் கையெழுத்து வைத்தவர்,
எனக்கு அவள் வெறும் பெயர்.
நம்பர் தேடி எடுத்தேன்.
வவுனியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாள்.
மெசினைப் பார்க்கவில்லை.
முடிச்சைப் பார்த்தாள்.
"இது அவர் கட்டினது."
தேத்தண்ணி ஆறியது.
இரும்பை என்னிடம் விட்டுவிட்டுக்
கயிற்றை மட்டும்
அவிழ்க்காமல், பையிலிருந்து உருவி
கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

கணக்குக் கொப்பியில் இதை வரவில் எழுதுவதா
செலவில் எழுதுவதா தெரியாமல்
ஒரு பக்கம் வெறுமையாய் விட்டிருக்கிறேன்.

சரி, மறக்க முன்னம்:
சேவயரை நீயே பிடி,
கதிரமலை கூட்டிவருகிற ஆள் வேண்டாம்.
கல்லுப் போடும் நாளில்
பக்கத்துக் காணிக்காரரைக் கூப்பிட்டுச் சோடா கொடு,
பிறகு வழக்குக்குக் கொடுப்பதைவிட மலிவு.
ஒவ்வொரு அறைக்கும் இரண்டு திறப்பு வெட்டு.
ஒன்று உன்னிடம் இருக்கட்டும்.
கதவைத் தட்டாமல்
அதைப் பாவிக்காதே.