மீதி

டோர்ட்முண்டில் சனிக்கிழமை, மூன்றாம் கல்லா.
திருமதி லிண்ட்னர் போனை நீட்டுகிறார்:
மகள் அனுப்பிய ஐம்பது யூரோ,
திரையில் ரிப்பன் கட்டிய பெட்டி.

சிவப்பு ஒளி பார்கோடைத் தடவுகிறது.
பூஜ்யம் என்கிறது இயந்திரம்.
பூஜ்யம் என்கிறேன் நான்.
யாரோ, எந்த ஊரிலோ,
வியாழக்கிழமையே தின்று முடித்திருக்கிறான்.
அவர் என் வாயைப் பார்க்கிறார்,
தின்ற வாய் இதுதான் என்பதுபோல.

கூடையிலிருந்த கம்பளிக் காலுறைகள்
அலமாரிக்குத் திரும்புகின்றன.
இனி இங்கே வரமாட்டார்.
திருடனைக் கோபித்துக்கொள்ள
முகவரி வேண்டுமே; கடைக்கு இருக்கிறது.

மேல்மாடியில் ஹோல்கர்
செலவாகாத அட்டைகளையெல்லாம்
கடன் பத்தியில் எழுதி வைத்திருக்கிறார்.
எல்லோரும் ஒரே நாளில் வந்துவிட்டால் என்று
அவருக்கு உறக்கமில்லை.

கிறிஸ்துமஸ் போனஸாய் எங்களுக்கும்
இதே கடையின் அட்டைதான்.
ஒரு குடை வாங்கினேன்.
மீதி இரண்டு யூரோ அறுபது.
மூன்று மாடியிலும்
அந்த விலைக்கு ஒரு பொத்தான்கூட இல்லை.

மொய்யில் நூறோடு ஒரு ரூபாய் சேர்ப்பார்கள்,
கணக்கு முடிந்துவிடக் கூடாதென்று.
இந்தச் சில்லறைக்கு அந்த மரியாதை தெரியாது.
டிசம்பரில் காலாவதி.
அன்று ஹோல்கர் ஒரு வரியை அடிப்பார்,
சற்றே நிம்மதியாக.