அறிந்த கோப்புகள்

கிளைப்பேடா துறைமுகத்தில் பிப்ரவரி.
பாரந்தூக்கிகள் இடுப்பளவு மட்டும் தெரிகின்றன,
மேலே மூடுபனி.
சுங்க எழுத்தர் ஜீத்ரூனஸின் மடிக்கணினி
என் மேசையில், முதுகில் வழக்கு எண்ணோடு.
மாரடைப்பு விசாரணையை முந்திக்கொண்டது.

நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கோப்புகள்.
படித்துத் தீராது. படிக்கவும் வேண்டாம்.
எந்தக் கோப்பையும் அரைத்துப் பிழிந்தால்
அறுபத்துநான்கு எழுத்தில் ஒரு சாறு வரும்;
ஒரு காற்புள்ளி இடம் பெயர்ந்தாலும்
அறுபத்துநான்கும் கலைந்து வேறாகிவிடும்.
எங்களிடம் ஒரு பட்டியல் உண்டு:
எழுத்துருக்கள், அச்சுப்பொறி இயக்கிகள், சீட்டாட்டம்,
யாருடைய ரகசியமும் அல்லாதவை.
பொருந்தினால் தள்ளு. பொருந்தாவிட்டால் திற.
ஊரறிந்தவனை விட்டுவிட்டு
ஊர்பேர் தெரியாதவனைப் பிடிக்கிற வேலை.

மதியத்துக்குள் மிஞ்சியவை இருநூற்றுப் பதினேழு.
நாய்ப் படங்கள். பல்மருத்துவர் ரசீது.
வங்கிக்கு எழுதி அனுப்பாத மூன்று கடிதங்கள்.
லஞ்சம் என்று ஒரு சொல் இல்லை.

தள்ளிய குவியலை மூடப்போனபோது
ஒரு பெயர் கண்ணில் இடறியது:
‘ஸ்மில்தேவுக்கு - அழிக்காதே’.

சல்லடை பெயரைப் பார்ப்பதில்லை.
பெயர் தோலில் ஒட்டியது, சாற்றில் இறங்காது.

எய்மாந்தஸ் நாற்காலியை இழுத்துப்போட்டார்.
“உள்ளே எதையாவது செருகியிருப்பான்.”
இல்லை என்றேன்.
“திறக்கவே இல்லையே நீ?”
திறக்க வேண்டாம். இரண்டாயிரத்து ஐந்தில் வெளியான பொதி,
வானத்தைத் திரையில் காட்டும் மென்பொருள்.
ஒரு பிட் கூடவில்லை, ஒரு பிட் குறையவில்லை.
நம்பாத முகத்தோடு காப்பிக்குப் போனார்.
அறியப்பட்டது, வழக்குக்குத் தொடர்பற்றது
என்று தட்டச்சு செய்தேன்.

வியாழக்கிழமை மகள் வந்தாள்,
காலணியிலிருந்து பனி உருகித் தரையெல்லாம் ஈரம்.
கையெழுத்துப் போட்டாள், மூன்று இடத்தில்.
“எனக்கென்று ஏதாவது…”
ஒரு கோப்பு இருக்கிறது, உங்கள் பெயரில்.
ஆனால் உள்ளே அவர் எழுதியது எதுவுமில்லை,
உலகத்தில் யாரிடமும் இருக்கக்கூடியது அது.
இதை மென்மையாகச் சொல்லும் வழி
எனக்கு வாய்க்கவில்லை.

பையின் ஜிப்போடு கொஞ்ச நேரம் போராடினாள்.
“எந்தப் பதிப்பு?”

பூஜ்யம் புள்ளி ஏழு.
சாறு அதையும் சொல்லும், துல்லியமாக.

அவள் சிரித்தாள், புறங்கையால் மூக்கைத் துடைத்தபடி.
“அதற்கடுத்ததில் புளூட்டோவைக் கோள்களிலிருந்து எடுத்துவிட்டார்கள்.
நான் மூன்று நாள் சாப்பிடவில்லை.”