ஐகிடோ வகுப்புக்கு மறுநாள்

செவ்வாய்தோறும் சாட்ஸ்வொர்த் கூடத்தில்
நொம்புசோ என் மணிக்கட்டைப் பிடிப்பாள்.
இழுக்கக் கூடாது, தள்ளவும் கூடாது.
அரை அடி திரும்பி
அவள் பார்க்கும் திக்கைப் பார்க்க வேண்டும்.
அங்கே ஒரு ஜன்னல், பூட்டிய சைக்கிள்,
மழை.

புதன்கிழமை, மின்கட்டணக் கவுண்டரில்
பில்லை ஓங்கி அறைந்தார் ஒருவர்.
தோள் இறுகியது; மூச்சை வயிற்றுக்கு இறக்கினேன்.
எழுந்து, கண்ணாடியைச் சுற்றி வெளியே போய்
அவர் பக்கம் நின்று படித்தேன்:
பூட்டிக் கிடந்த வீட்டுக்கு
ஆறாயிரம் ராண்ட்.
"எனக்கும் கோபம்தான் வரும்" என்றேன்.
விழ இடம் கிடைத்தவர் போல
பெஞ்சில் உட்கார்ந்தார்.

ராத்திரி தம்பி கூப்பிட்டான்,
அம்மா வீட்டை விற்பது பற்றி.
இரண்டே வார்த்தையில் அவனைச் சுவரோடு சாய்த்தேன்.

கொடியில் வெள்ளை உடுப்பு சொட்டுகிறது.
முழங்கால் கறை மட்டும்
போகவில்லை.