இன்று மட்டும்

கோவிலம்பாக்கம், மே மாதம்.
தகரக் கொட்டகைக்குள் காலை ஆறுக்கே சுடும் நாற்காலி.
லாரி மூன்று, டிரைவர் இரண்டரை
(குப்புராஜ் பாதி நாள்தான் வருவார்).
நான் ஷீட் பார்க்கிறவள்.

எத்தனை லிட்டர், எந்தத் தெரு, சம்ப்பா மாடித் தொட்டியா,
காசு வந்ததா, கேட் குறுகலா, நாய் உண்டா.
ஆயிரத்து எழுநூறு வரிகளுக்கு மேல்.
ஓனர் தணிகைவேலின் மச்சான் சான் ஹோசேயில் உட்கார்ந்து
ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து அனுப்பியது.
தேதிக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு புனல்.
அழுத்தி 'இன்று' என்றால்
மற்ற நாளெல்லாம் மடிந்து உள்ளே போய்விடும்.
ஓரத்து எண்கள் மட்டும் காட்டிக்கொடுக்கும்:
ஒன்றுக்கு அடுத்து ஆயிரத்து எழுநூற்று ஆறு.

முதல் நாளே சொதப்பியது.
இன்று என்று கேட்டேன், பதினான்கு பெயர் தந்தது, அனுப்பினேன்.
எமல்டா மேடம் வீட்டில்
குப்புராஜ் குழாயைச் சொருகிவிட்டு டீ குடிக்கப் போனார்.
சம்ப் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்திருக்கிறது.
பன்னிரண்டாயிரம் லிட்டர்.
நன்மங்கலம் மூன்றாவது தெருவில்
மழையில்லாமல் ஒரு வெள்ளம்.
ஸ்கூட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஒருத்தர் எனக்கு போன் போட்டார்,
என் நம்பர் எப்படிக் கிடைத்ததோ.

மதியம் பன்னிரண்டரை தாண்டி
புளிசாத டப்பாவைத் திறந்தபடி
புனலை மறுபடி அழுத்தினேன்.
பெயர்கள் மாறின.
காலையிலிருந்து நான் நேற்றுக்குத் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தேன்.
மச்சான் ஊரில் அப்போதுதான் நள்ளிரவு கழிந்திருக்கிறது.
அவர் தூங்கப் போனால்தான் எங்களுக்கு விடியும்.

செட்டிங்ஸில் தேடினேன்.
சென்னை என்று ஒரு நேரமே இல்லை.
கொல்கத்தா இருந்தது. சரி,
இரவல் கடிகாரம் என்று கட்டிக்கொண்டேன்.

அப்புறம் இன்று ஒழுங்காக வந்தது.
எனக்கும் பழகிவிட்டது.
திட்டியவர்கள், பாதி காசு பாக்கி வைத்தவர்கள்,
லாரி வாசலுக்கு வந்த பிறகு வேண்டாமென்றவர்கள்,
ராத்திரி பன்னிரண்டு அடித்தால்
எல்லோரும் மடிப்புக்குள்.
வீட்டு வாடகைக்கும் இப்படி ஒரு புனல் கிடைத்தால்
தேவலை என்று நினைத்துக்கொள்வேன்.

போன வியாழன் ஒரு குரல்.
பெரும்பாக்கம், எட்டு மாடி பிளாக், சொர்ணவல்லி.
"நாளைக்குன்னு சொன்னியேம்மா."
எப்பம்மா சொன்னேன்?
"சொல்லி பன்னெண்டு நாளாச்சி."

இன்றில் இல்லை.
நேற்றில் இல்லை.
புனலை எடுத்தேன்.
மடிந்ததெல்லாம் சரசரவென்று இறங்கியது,
ஏப்ரல், மார்ச், எமல்டா மேடம் இரண்டு தடவை.
ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்தொன்றில் இருந்தாள்.
பம்ப் ரிப்பேர். முப்பத்திரண்டு வீடு சேர்ந்து போட்ட காசு.
'வந்தாச்சு' என்று அதையும் நானேதான் அடித்திருக்கிறேன்.
தேதிக் கட்டத்தில் தேதி இல்லை.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
அவசரத்தில் அடித்திருக்கிறேன்:
நாளைக்கு.

தேதி என்றால் வலது ஓரம் போய் ஒட்டும்.
எழுத்து என்றால் இடது ஓரம்.
பன்னிரண்டு நாளாக இடது ஓரத்தில்,
எந்த இன்றைக்கும் அகப்படாமல்.

'நாளைக்கு' என்று போட்டுத் தேடினேன்.
இன்னும் நான்கு வந்தது.
அதை அப்புறம் சொல்கிறேன்.

மணி பன்னிரண்டே கால்.
இரண்டு லாரி வெளியே. மூன்றாவது நிழலில்.
அந்தச் சொல்லை அழித்து அன்றைய தேதியை அடித்தேன்.
வலது ஓரத்துக்கு நகர்ந்து நின்றது.
சாவியை நீட்டினேன்.
குப்புராஜ் ஒரு செருப்பை மாட்டிவிட்டார்,
இன்னொன்றைக் காலால் துழாவிக்கொண்டே கேட்டார்:
"பெரும்பாக்கமா?
நாளைக்குப் போட்டுக்கலாமே, மேடம்?"