ஏழாம் தகடு

டொங்காட்டில் கரும்பு எரிக்கும் மாதம்.
பட்டறைக் கூரை தாண்டிக் கரி இறகுகள் இறங்குகின்றன.
வெள்ளை அடித்துக் காயவைத்த தகட்டில்
எது சாம்பல், எது குண்டு பட்ட தடம் என்று
துடைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மெழுகுக் குண்டுகள்தான். ஆளைக் கொல்லாது.
ஆனாலும் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டாதவரை
மண்ட்லென்கோசி உள்ளே விடுவதில்லை.

சனிக்கிழமைக்கு ஒன்பது பேர் வருவார்கள்.
இடுப்பில் உறை. இருபத்தோரு அடி தூரம்.
தகட்டின் நடுவே ஒரு சின்ன விளக்கு,
அது எரிந்ததும் உருவ வேண்டும்.
அரை நொடியில் கை தன் வேலையை முடித்துவிடும்,
தவறிய செய்தி மனதுக்குப் பிறகுதான் வந்து சேரும்.

தவறுவதும் எல்லோருக்கும் ஒரே பக்கம்:
கீழே, இடது.
உறையை மாற்றினார்கள். நிற்கும் காலை மாற்றினார்கள்.
கடைசியில் என்னிடம் வந்தார்கள்,
"தகட்டை மாற்றிப் பார், நீலவேணி."
எனக்கு வெல்டிங் தெரியும். சுடத் தெரியாது.

சிவப்பு வளையங்கள் வரைந்தேன்.
கண் வளையங்களை எண்ணிக்கொண்டு நின்றது.
முழுக்கக் கறுப்பு அடித்தேன்.
மாலை நாலரைக்கு மேல் தகடே காணாமல் போனது.
சாய்சதுரத்தின் நாலு மூலைகளும்
ஆளுக்கொரு குண்டை இழுத்துக்கொண்டன.
ஸ்பிரிங்கில் நிறுத்திய நான்காவது
முதல் அடியிலேயே கழன்று பறந்து
கிஸ்டனின் வேன் கண்ணாடிக்கு என்னிடம் பணம் வாங்கித் தந்தது.
ஐந்தாவதைச் சோதித்த அன்று மின்வெட்டு.
கார் பேட்டரி வந்து சேரும்வரை
எரியாத விளக்கைப் பார்த்தபடி
இடுப்பில் கை தொங்க நின்றார்கள் பெரிய மனிதர்கள்.

ஆறாவது ஓர் ஆள்.
வேறு மாதிரி கிடைக்காமல்
பிளைவுட் பலகையில் நானே சாய்ந்து நின்றேன்.
அக்கா மகன் விஷாந்த் சாக்பீஸால் சுற்றி வரைந்தான்.
காது மடலைத் தொட்டபோது கூசிச் சிரித்தேன்,
தலை ஒரு பக்கம் கோணலாக விழுந்தது.
அப்படியே தகட்டில் வெட்டி நிறுத்தினேன்.

தனபாலன் முறை.
இரவில் அலாரம் கம்பெனி வண்டியில் சுற்றுகிறவன்,
ஒன்பது பேரில் வேகம் அவனுக்குத்தான்.
விளக்கு எரிந்தது.
அவன் கை அசையவில்லை.
நிறுத்த யாருமில்லாமல் ஓடின சிவப்பு எண்கள்,
நாலு நொடி, ஏழு, பதினொன்று.
வாரை அவிழ்த்தான்.
உறையோடு துப்பாக்கியைத்
தேநீர்க் குவளைகளுக்கு நடுவே வைத்தான்.
"மவுண்ட் எட்ஜ்கோமில் ஒருத்தன்
இப்படித்தான் நின்றான். தலையைச் சாய்த்து."
அதற்கு மேல் அவன் சொல்லவில்லை.
கேட்கிற முகம் எங்களில் யாருக்கும் இல்லை.

அன்றிரவே கிரைண்டரை எடுத்தேன்.
முதலில் தலை. பிறகு தோள்கள்.
இடுப்புக்குக் கீழே ஒரே இழுப்பு.
பொறி பறந்து செருப்பைச் சுட்டது.
மிஞ்சியதற்குப் பெயர் இல்லை,
மாங்கொட்டை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அடுத்த சனி அதைத் தொங்கவிட்டேன்.
கீழே இல்லை, இடது இல்லை,
விளக்கைச் சுற்றி ஈ மொய்த்தது போல் மெழுகு.
தனபாலன் பன்னிரண்டுக்குப் பதினொன்று.
"என்ன மந்திரம் போட்டாய்?" என்றான்,
பல வாரம் கழித்துப் பல் தெரிய.
"மூலை இல்லை. கண்ணுக்கு ஒதுங்க இடமில்லை."
நோட்டிலும் அதையே எழுதிவைத்தேன்.
பொய்யும் இல்லை அது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஆறு தகடு கேட்டிருக்கிறார்கள்.
அளவு அனுப்பச் சொல்லி இரண்டு முறை போன் வந்துவிட்டது.
தகடு வெளியே தொங்குகிறது, மேலே சாம்பல்.
எழுந்து போகச் சோம்பல்.
டேப்பை எடுத்தேன்.
கழுத்தெலும்புக்கு ஒரு விரல் கீழே ஒரு முனை,
தொப்புளில் மறு முனை:
பதினான்கரை அங்குலம்.
எழுதி அனுப்பினேன்.