மற்றவை

"மாநிலமா, மத்தியமா?"
நீடாமங்கலம் வங்கிக் கிளை, நான்காம் கவுண்டர்.
உயிர்ச்சான்றுப் படிவத்தின் மேல்
பையனின் பேனா காத்து நிற்கிறது.
கார்த்திகை மழை. மடக்கிய குடைகளைச் சுற்றித்
தரையில் சின்னச் சின்னக் குளம்.
எனக்குப் பின்னால் இரண்டு தலைமையாசிரியர்கள்,
ஒரு மின்வாரிய லைன்மேன்.

இரண்டும் இல்லை தம்பி.
"தனியாருங்களா?"
அதுவும் இல்லை.
"அப்ப யாருக்குத்தாம்மா வேலை பாத்தீங்க?"

முப்பத்தோரு வருஷத்தில்
இவ்வளவு நேராய் யாரும் கேட்டதில்லை.

சேர்ந்த அன்று ஒரு தாளை நீட்டி
உரக்கப் படிக்கச் சொன்னார்கள்:
எந்த அரசிடமும் உத்தரவு கேட்க மாட்டேன்,
கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.
கைப்பையில் இருந்த பாஸ்போர்ட்டின் மேல்
சிங்கங்கள் காதைத் தீட்டிக்கொண்டன.

அந்தத் தாளுக்கு என்னைவிட வயது.
முதல் பெரும்போர் முடிந்தும்
பிணக்கணக்கு முடியாத காலம்.
ஏரிக்கரை ஓட்டல் ஒன்றை அலுவலகமாக்கி,
குளியல் தொட்டியிலும் கோப்பு அடுக்கினார்களாம்
(எங்கள் கேண்டீன் கதை, பாதியை நம்பலாம்).
அதுவரை மாநாட்டுக்கு மாநாடு
ஒவ்வொரு நாடும் தன் ஆளை அனுப்பும்,
தன் சம்பளத்தில், தன் சொல்லை வாயில் வைத்து.
இவர்கள் புதிதாய் ஒன்று கண்டுபிடித்தார்கள்:
யாருடைய ஆளும் இல்லாத ஆள்.

புதிதா என்ன?
வெண்ணாறு மூன்றாய்ப் பிரியும் மூணாறு தலைப்பில்
ஷட்டர் சாவி லஸ்கர் வைரக்கண்ணுவிடம் இருந்தது.
மூன்று ஆற்றுப் பாசனத்திலும்
அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது.
மச்சானுக்கு உண்டு,
பாமணியாற்றுக் கடைமடையில் ஒன்றரை மா.
தாளடி காய்ந்த ஒரு வருஷம்
டார்ச் லைட்டோடு ராத்திரி வந்தான் மச்சான்.
"ரெண்டங்குலம் தூக்குய்யா, யாருக்குத் தெரியப்போவுது?"
"அளவுகோலுக்குத் தெரியும்."
அதன்பின் பெண்டாட்டியின் பிறந்த வீட்டில்
அவர் கை நனைக்கவே இல்லை.

என் கதை அத்தனை நிமிர்ந்ததல்ல.
ஒரு நாடு, பெயர் வேண்டாம்.
கிட்டங்கியில் சோளம் இருந்தது. சாலையில் ராணுவம் இருந்தது.
பிள்ளைகளின் மேற்கையை நாடாவால் சுற்றி அளந்தோம்:
பதினொன்று, பத்தரை, பத்து.
'பட்டினி' என்று எழுதினேன்.
மாலையில் போன் வந்தது,
தூதரகத்தில் வேலை பார்க்கும் பூந்தோட்டத்துக்காரர்.
ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.
"நம்ம ஊர்ப் பொண்ணு நீங்க.
ஒரு வார்த்தைதானே, கொஞ்சம் பாத்து..."
'உணவுப் பற்றாக்குறை' என்று மாற்றினேன்.

இரண்டங்குலம்.

என்னோடு நாடா பிடித்த டெஸ்ஃபாய்
தன் நாட்டு எண்ணையே
தன் நாடு விரும்பாதபடி எழுதியவன்.
தாய் செத்தபோதும் விசா தரவில்லை,
சொந்த ஊருக்கு.
அன்றைக்கும் மேசையில் உட்கார்ந்து
பத்திகளுக்கு எண் போட்டான்.
யாருக்கு வேலை பார்த்தான்?
அந்தப் பிள்ளைகளுக்கு என்று சொல்ல ஆசை.
அவர்களுக்கு எங்கள் பெயர் தெரியாது.
தெரியக் கூடாது என்பதுதான் வேலையின் விதியும்.

பையன் திரையில் கீழே கீழே போகிறான்.
ரயில்வே, தபால், ராணுவம், தியாகி,
அதற்கும் கீழே, கடைமடையில்:
"மற்றவைன்னு போட்டுரவாம்மா?"
போடு.
உயிரோடு இருப்பதாகக் கையெழுத்திட்டேன்.

திரும்பும்போது ஆட்டோவை
மூணாறு தலைப்பில் நிறுத்தச் சொன்னேன்.
மோட்டார் வைத்த ஷட்டர்கள்.
ரெயின்கோட்டில் ஓர் இளம்பெண்
தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கி,
"ம்... ம்... சரிங்க... ம்..." என்று கேட்டபடி
அளவுகோலைப் பார்த்தாள்,
நோட்டில் ஏதோ எழுதினாள்.

என்ன எழுதினாள் என்று
மழையில் தெரியவில்லை.