காலாவதித் தேதி

துவாஸ் கப்பல் பட்டறையின் மூன்றாம் வாசலில்
அட்டை பார்ப்பது என் வேலை.
சாரம் கட்டுகிறவர், பற்றவைக்கிறவர், கிரேன் ஓட்டுகிறவர்
யாரானாலும்
விரலளவு பிளாஸ்டிக்கில் தன் கைகளை நிரூபித்துவிட்டுத்தான்
உள்ளே போக வேண்டும்.
புகைப்படம், எண், பயிற்சி தந்த இடம், காலாவதித் தேதி.
தேதியைக் கடைசியில்தான் பார்ப்பேன்.
அதற்குள் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

செவ்வாய்க்கிழமை முனியராஜைத் திருப்பி அனுப்பினேன்.
பதினோரு வருடமாகச் சாரம் கட்டுகிறவர்.
அட்டை இரண்டு நாளைக்கு முன் செத்துப்போயிருந்தது.
"என்னத் தெரியாதாக்கா?"
எனக்குத் தெரியும், அட்டைக்குத் தெரியலையே என்றேன்.
லாரி அவரை இறக்கிவிட்டு
அன்றைய சம்பளத்தோடு போயிற்று.

எனக்கு மங்கு.
இரண்டு கன்னத்திலும், இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு.
யார் வைத்த பெயரோ.
மற்றதெல்லாம் மங்குகிறது, இது ஒன்றுதான் மங்க மாட்டேன் என்கிறது.

பலதுறை மருந்தகத்தில் டாக்டர் கோ பார்த்தார்.
நான்கு நிமிடம். சிரிக்கவில்லை.
வெயில் களிம்பு, தொப்பி, மூன்று மாதம் என்றார்.
முழுசாகப் போகாமலும் இருக்கலாம் என்றார்.
அவர் தாடையெல்லாம் பழைய பருத்தழும்பு.
தன் முகத்தையே பார்த்துக்கொள்ளாதவர்
என் முகத்துக்கு என்ன செய்துவிடுவார் என்று நினைத்தேன்.
நினைத்ததை மறைப்பானேன்.

அந்தச் செவ்வாய் இரவு
ஜூ கூனில் ரயில் ஏறினேன். லேக்சைடுக்கு மூன்றே நிறுத்தம்.
கைப்பேசியில் டாக்டர் லவீனா:
வெள்ளை அங்கி, கண்மணிக்குள் ஒளிவளையம்,
பின்சுவரில் சட்டம் போட்ட ஏழு சான்றிதழ்.
பதினான்கே நாள் என்றார்.
என்னைத் தங்கம் என்றார்.
வாசலில் யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை.
லேக்சைடில் கதவு திறந்தபோது
இருநூற்று எண்பத்தெட்டு வெள்ளி போயிருந்தது.

பாத்திரம் கழுவும்போதுதான் முனியராஜ் முகம் வந்தது.
ஈரக்கையோடு காணொளியை நிறுத்தி
சுவரை இழுத்துப் பெரிதாக்கினேன்.
ஒரு சட்டத்தில், கலந்துகொண்டமைக்கு நன்றி.
ஒன்றில், ஹோட்டல் மாநாட்டு அறை, மூன்று நாள்.
அதே மூன்று நாளுக்கு, தங்க ஓரத்தோடு, இன்னொன்று.
எதில் டாக்டர் என்று ஏழும் சொல்லவில்லை.

மருத்துவர் பதிவேட்டில் பெயரைத் தட்டினேன்.
எழுத்தை மாற்றித் தட்டினேன்,
முன்பின்னாகத் தட்டினேன்.
வெறும் வெள்ளைப் பக்கம்,
ஒரு மங்கும் இல்லாமல்.
கோ என்று தட்டினால் வரிசையாக எத்தனையோ கோ.
நடுவில் அவர், சிரிக்காமல், எண்ணோடு.

விரல் பட்டுக் காணொளி மறுபடி ஓடியது.
லவீனா முடியை ஒதுக்கினார்.
கை முகத்தைக் கடந்த அரை நொடி
ஃபில்டர் தடுமாறியது.
இடது கன்ன எலும்பின்மேல்
எனக்குத் தெரிந்த நிறம்,
எனக்குத் தெரிந்த ஓரம்.
பிறகு மறுபடி பால்.

ஏசத்தான் உட்கார்ந்தேன்.
பணத்தைத் திருப்பிக் கேட்டு, ரசீது எண் போட்டு,
கடைசியில் ஏனோ
'தொப்பி போடுங்க தங்கம்' என்று எழுதிவிட்டு
அந்த வரியை அழிக்காமலே அனுப்பினேன்.

அடுத்த வாரம் முனியராஜ் புது அட்டையோடு வந்தார்.
நான் தேதியைப் பார்த்தேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
"என்னக்கா, கூரைக்குள்ள நின்னுக்கிட்டு
இவ்ளோ பெரிய தொப்பி?"